ஆறு வோல்ட் பாட்டரியும் கூரைமேல் வெயிலும்

(ஆண்டு விழாவின் அறிவியல் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் பலர் உளர். நமக்கு அளிக்கப்பெற்ற பொருளோ பாட்டரி. “பாட்டரியைப் பற்றி அரை மணி நேரம் பேசுவதற்கு என்ன இருக்கிறது?” என்று நண்பர் ஒருவர் வாயிற்படியிலேயே நம்மைக் கேட்டுவிட்டார். இருக்கிறது. நம் தாராவியில் பத்துக்குப் பத்து அடி அறையில் ஐவரும் அறுவரும் உறங்குகின்றனர். அதே அறையின் மூலையில் அமிலம் நிறைந்த பெட்டி ஒன்று கொதித்துக்கொண்டிருக்குமானால், அது சங்க மேடையில் பேசவேண்டிய பொருளே ஆகும்.

நாம் பொறியாளர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிந்து வருகிறோம். பாட்டரிகளைப் பழுது பார்க்கும் கை நம்முடையதன்று. அவற்றின் வரவு செலவைப் பேரேட்டில் பதியும் கை. “கழித்துக் கட்டியதன் காரணம்” என்னும் பத்தியைப் பல ஆண்டுகள் நிரப்பி நிரப்பியே அப்பொருளின் குணம் நமக்குச் சிறிது தெரியவந்தது. அந்த அளவில் நின்றே பேசுகிறோம்.

நம் குடியிருப்பில் நடந்ததைக் கூறுவோம். பெயர் வேண்டாம். தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் பட்டறையில் உழைத்தவர். அவர் ஆசையாக வாங்கிய பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று மகனிடம் இருக்கிறது. தந்தை இன்று இல்லை; வண்டி இருக்கிறது. மாதத்தில் இருமுறை ஓடினால் அதிகம். ஓடாத வண்டியின் பாட்டரி தானே இறங்கிவிடும் என்பது யாவரும் அறிந்ததே. அவ்விளைஞர் சூரிய ஒளித் தகடு ஒன்றை வாங்கிக் கூரைமேல் வைத்தார். விற்றவர், “நேரே கொடுத்துவிடலாம், ஒன்றும் ஆகாது” என்றாராம். சந்தில் நிற்கும் வண்டியில் பாட்டரியை விட்டால் களவு போகும் என்று அதைக் கழற்றி வீட்டுக்குள் மச்சின் கீழே வைத்து, கூரையிலிருந்து கம்பி இறக்கி இணைத்துவிட்டு வேலைக்குச் சென்றார். சித்திரை மாத வெயில். மூன்றாம் நாள் பிற்பகலில் வீட்டிலிருந்த பாட்டியம்மாளுக்குத் தொண்டை எரிந்தது. அழுகிய முட்டை நாற்றம் வந்தது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தபோது பாட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தன, உள்ளே நீர் வற்றியிருந்தது. நான்கு அடி தள்ளி எரிவாயு அடுப்பு. அந்த வேளையில் அடுப்பு எரியவில்லை என்பதோடு அந்தக் கதையை முடித்துக்கொள்வோம். ஏன் அப்படி ஆயிற்று என்பதே நம் பேச்சு.

புல்லட் வண்டி நம்மவர்க்கு நெருங்கிய உறவு. 1955-ஆம் ஆண்டில் சென்னையில் அதைச் செய்வதற்கான கூட்டு நிறுவனம் தோன்றிற்று. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. அக்காலத்துப் புல்லட், ஜாவா முதலிய வண்டிகளில் இருந்தது 6 வோல்ட் பாட்டரி. பின்னர் வந்த வண்டிகளிலும், 2023 அக்டோபரில் இந்நகரத் தெருக்களிலிருந்து விடைபெற்ற பிரீமியர் பத்மினி டாக்சிகளிலும் இருந்தது 12 வோல்ட். இன்று கடைகளில் கிடைக்கும் சிறிய தகடுகளும் அவற்றோடு விற்கும் கருவிகளும் பெரும்பாலும் 12 வோல்ட்டை மனத்திற் கொண்டே செய்யப்படுகின்றன. பழைய வண்டிக்காரரின் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

தகட்டின் பின்புறத்தில் “12 வோல்ட்” என்று ஒட்டியிருக்கும். அதை நம்பாதீர்கள். அது 12 வோல்ட் தரும் தகடு என்று பொருளன்று. 12 வோல்ட் பாட்டரிக்கு ஏற்ற தகடு என்றே பொருள். அதில் 36 சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுள்ளன. நல்ல வெயிலில் வேலை செய்யும்போது ஒரு சில்லு ஏறத்தாழ அரை வோல்ட் தரும். ஆகவே மொத்தம் 17, 18 வோல்ட். எதனோடும் இணைக்காமல் மீட்டர் வைத்தால் 21 அல்லது 22 வோல்ட் காட்டும்.

பாட்டரியின் பக்கம் வருவோம். பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளான்டே 1859-இல் ஈயத் தட்டுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்திச் செய்த அதே ஏற்பாடுதான் இன்றும். ஓர் அறைக்கு ஏறத்தாழ 2 வோல்ட். மூன்று அறைகள் சேர்ந்தால் 6. முழுதும் நிறைந்து ஓய்ந்திருக்கும்போது 6.3 அல்லது 6.4 காட்டும். மின்னேற்றும்போது 7.2 வரை செல்லலாம். அதற்கு மேலே தள்ளினால் உள்ளே செல்லும் மின்சாரத்துக்குச் சேமிக்க இடமில்லை. அது நீரைப் பிரிக்கத் தொடங்குகிறது. பாட்டரி “கொதிக்கிறது” என்று மெக்கானிக்குகள் கூறுவது இதைத்தான். அடுப்பில் நீர் கொதிப்பது போன்றதன்று; ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழியிட்டு வெளியேறுவதே அது.

நேரே இணைத்தால் என்ன நிகழும்? பலர் நினைப்பது, 18 வோல்ட் பாய்ந்து 6 வோல்ட் பாட்டரியை உடனே எரித்துவிடும் என்று. அப்படி நிகழ்வதில்லை, அதனாலேயே மனிதர் ஏமாறுகின்றனர். 20 வாட் தகடு ஒன்று சுமார் 1.1 ஆம்பியர் தரும். பாட்டரி அந்தத் தகட்டின் வோல்ட்டைத் தன் அளவுக்குக் கீழே இழுத்துவிடும். மீட்டரில் 6.5 என்றுதான் காட்டும். “பார்த்தீர்களா, சரியாக இருக்கிறது” என்று விற்பவர் கூறுவதும் பொய்யன்று. ஆனால் இரண்டு கேடுகள் மறைந்துள்ளன. முதலாவது, 6.5 வோல்ட்டில் 1.1 ஆம்பியர் என்றால் 7 வாட்தான். 20 வாட்டுக்குக் காசு கொடுத்து 7 வாட் பெறுகிறோம். இது பண நட்டம், பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, பாட்டரி நிறைந்த பின்னும் தகடு நிறுத்துவதில்லை. அதே 1.1 ஆம்பியரை அது மாலை வரை தள்ளிக்கொண்டே இருக்கும். வோல்ட் 7-ஐத் தாண்டும், 8-ஐ நோக்கும், நீர் பிரியும். பாட்டரி வண்டியிலேயே இருந்து, அதன் முனைக் கம்பி ஒன்று தளர்ந்து கழன்றால், தகட்டின் வோல்ட் ஏறிச் சிறிய விளக்குகள் போய்விடலாம்.

நடுவில் ஒரு மின்தடையை வைத்து வோல்ட்டைக் குறைக்கலாமே என்று கேட்கும் இளைஞர்கள் உளர். பள்ளிப் பாடத்தின்படி அது சரியாகவே தோன்றும். 10 ஓம் தடையில் 1.1 ஆம்பியர் ஓடினால் 11 வோல்ட் குறையும். 18-இல் 11 போக 7. கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் தகடு வீட்டு மின்சாரம் போன்றதன்று. வெயில் எவ்வளவோ அவ்வளவு ஆம்பியரை அது தந்துகொண்டே இருக்கும். தடையை வைத்தாலும் அதே 1.1 ஆம்பியர்தான் பாட்டரிக்குள் செல்லும். தடை கை வைக்க முடியாதபடி சூடாகும். பாட்டரி நிறைந்தபின் முன்போலவே கொதிக்கும். ஆக, மின்தடை இங்கே வெயிலைச் சூடாக்கும் வேலையைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

இத்தொல்லை புதிதன்று. நம் இரயில்வே இதை நூறாண்டுக்கு மேலாகக் கண்டிருக்கிறது. நீராவி எஞ்சின் காலத்தில் பிரயாணிகள் பெட்டிக்கு விளக்கு எங்கிருந்து வந்தது? பெட்டியின் அடியில் சக்கர அச்சோடு வார் மாட்டிச் சுழற்றப்பெற்ற டைனமோ, அதனோடு பாட்டரி. வண்டி மெதுவாக ஓடினால் வோல்ட் குறையும், விரைந்தால் ஏறும். இன்று மேகம் வந்து போவதுபோல அன்று வேகம் வந்து போயிற்று. இலண்டனைச் சேர்ந்த ஸ்டோன் கம்பெனியார் செய்த ஏற்பாட்டில், குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அந்த வார் வழுக்கிவிடும். டைனமோ அதற்கு மேல் சுழலாது. மிகுந்த வலிமை வாரின் தேய்மானமாகவும் சூடாகவும் போயிற்று. எளிய உபாயம், நெடுங்காலம் பயன்பட்டது. வண்டி நிலையத்தில் நின்றதும், பாட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிச் செல்லாதவாறு இணைப்பைத் தானே துண்டிக்கும் விசையும் அதில் உண்டு. அந்த விசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு நேரத்துத் தகடு, நின்ற வண்டியின் டைனமோவைப் போன்றது.

வோல்ட்டை வீணாக்காமல் இறக்குவது எப்படி? டிரான்ஸ்பார்மர் என்று எவரும் சொல்வர். நம் தாராவிக்கு ஒருபுறம் மாகிம், மறுபுறம் சயான். இருபுறமும் இரயில் பாதை. அங்கே ஓடும் புறநகர் வண்டிகள் இன்று 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தை வாங்கி, டிரான்ஸ்பார்மர் வழியே இறக்கிக்கொள்கின்றன. ஆனால் 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார வண்டி ஓடியபோது இருந்தது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். 2016-இல்தான் ஹார்பர் பாதை உட்பட முழுதும் மாறிற்று. நேர்மின்சாரம் டிரான்ஸ்பார்மருக்குள் நுழைந்தால் மறுபுறம் வராது. ஆகையால் அக்கால வண்டிகளில், விளக்குக்கும் பாட்டரிக்கும் வேண்டிய குறைந்த வோல்ட்டைப் பெற, ஒரு மோட்டார் சுழன்று மற்றொரு ஜெனரேட்டரைச் சுழற்றவேண்டியிருந்தது. சூரியத் தகடு தருவதும் நேர்மின்சாரமே. ஒரு மோட்டார் சைக்கிள் பாட்டரிக்காக மோட்டாரும் ஜெனரேட்டரும் வைப்பார் உண்டோ?

அந்தப் பளுவான வேலையை இன்று தீப்பெட்டியளவு பலகை ஒன்று செய்துவிடுகிறது. லாமிங்டன் சாலைக் கடைகளில் “பக் கன்வர்ட்டர்” என்று கேட்டால் தருவர். அதன் உள்ளே நிகழ்வது இதுதான்: ஒரு மின்னணு விசை நொடிக்கு ஒன்றரை இலட்சம் தடவை போலத் திறந்து மூடுகிறது. திறந்திருக்கும் சிறு பொழுதில் 18 வோல்ட் ஒரு கம்பிச் சுருளுக்குள் செல்லும். சுருள் அதைக் காந்தமாகப் பிடித்துவைக்கும். மூடியதும் பிடித்ததை மெல்ல வெளியே விடும். பத்தில் நான்கு பங்கு நேரம் திறந்து ஆறு பங்கு மூடினால் 18 என்பது ஏறத்தாழ 7 ஆகிவிடும். இங்கே எதுவும் எரிக்கப்படவில்லை என்பதுதான் சிறப்பு. வோல்ட் குறைந்த அளவுக்கு ஆம்பியர் கூடும். நூறு ரூபாய்த் தாளைச் சில்லறை மாற்றுவது போன்றது. மாற்றிக் கொடுப்பவர் கூலியாகச் சிறிது எடுத்துக்கொள்வார், அவ்வளவே. 18 வோல்ட் 1.1 ஆம்பியர் உள்ளே போனால், 7 வோல்ட் 2.4 ஆம்பியர் வெளியே வரும்.

அப்படியானால் 2.4 ஆம்பியரும் நல்லதா? அன்று. பழைய புல்லட்டின் பாட்டரி 12 ஆம்பியர்–மணி எனக் கொள்வோம். பத்தில் ஒரு பங்கு, அதாவது 1.2 ஆம்பியர், அதற்கு அளவான உணவு. ஆகவே பக் கன்வர்ட்டர் வாங்கும்போது, வோல்ட்டுக்கு ஒரு திருகும் ஆம்பியருக்கு ஒரு திருகும் உள்ளதைக் கேட்டு வாங்கவேண்டும். ஒரு திருகு மட்டும் உள்ளது விலை குறைவு; அதற்காக அதை வாங்காதீர்கள். ஆம்பியரை 1.2-இல் நிறுத்தினால் தகட்டில் பாதி வலிமையே செலவாகும். மேகம் பாதி மறைத்தாலும் பாட்டரிக்கு முழு உணவு கிடைக்கும். அந்தத் திருகு இல்லாவிடில், வெறும் வயிற்றோடு இருக்கும் பாட்டரி தகட்டால் தர இயலாததையெல்லாம் கேட்கும். தகடு தளர்ந்து வோல்ட் வீழ்ந்துவிடும். கன்வர்ட்டர் இருந்தும் நேரே இணைத்த கதையாகிவிடும்.

வோல்ட்டை எவ்வளவில் வைப்பது என்பதில் நமக்கு உறுதியான கருத்து உண்டு. 7.2 வரை ஏற்றலாம் என்றோம். ஆனால் அது, அருகில் ஆள் இருந்து, நிறைந்ததும் கழற்றிவிடுபவர்க்கு. காலையில் வேலைக்குச் சென்று இரவில் திரும்புவோர் பாட்டரி முனையில் 6.9-க்கு மேல் வைக்கலாகாது. தகரக் கூரையின்கீழ் 35, 40 பாகை வெப்பம் நிற்கும் கோடையில் இன்னும் சற்றுக் குறைத்து 6.7, 6.8 வைப்பது நலம். வெப்பம் ஏற ஏற பாட்டரி குறைந்த வோல்ட்டிலேயே நீரைப் பிரிக்கத் தொடங்கும். நிறைவதற்கு இரண்டு நாள் கூடுதலாகும். ஆகட்டுமே! மாதம் இருமுறை ஓடும் வண்டிக்கு என்ன அவசரம்? திருகுகளைப் பாட்டரி இணைப்பதற்கு முன்னரே மீட்டர் வைத்துத் திருத்திக்கொள்க. இணைத்த பின் திருகிப் பார்க்கலாகாது.

ஸ்டோன் கம்பெனியின் விசையை நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? அதற்கு ஈடாக ஷாட்கி டயோடு ஒன்றைக் கன்வர்ட்டருக்கும் பாட்டரிக்கும் இடையே வைக்கவேண்டும். இன்றேல் இரவெல்லாம் பாட்டரியின் மின்சாரம் கன்வர்ட்டர் வழியே பின்னோக்கிக் கசியும். டயோடு தனக்கென்று கால் வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்வதால், கன்வர்ட்டரை 7.2 அளவில் வைத்து, பாட்டரி நிறைந்த பின் அதன் முனைகளில் அளந்து சரிபார்க்க. பாட்டரிக்கு மிக அருகில் 3 ஆம்பியர் பியூஸ் ஒன்று இருத்தல் கட்டாயம். மேலும், பிரிட்டனில் செய்த பழைய வண்டிகள் பலவற்றில் நேர்முனையே வண்டியின் இரும்புடலோடு இணைந்திருக்கும். நம் வண்டி எவ்வகை என்று பார்த்த பின்னரே கம்பியைத் தொடவேண்டும்.

பெரிய தகடு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிடுவோரும் உண்டு. வீட்டுக் கூரைகளுக்கென வரும் 540 வாட் தகடுகள் எதனோடும் இணைக்காத நிலையில் 50 வோல்ட்டை நெருங்கும். எல்.எம். 2596 என்னும் சில்லுள்ள கன்வர்ட்டர்கள் 40 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. அச்சில்லு போகும்போது சும்மா போகாது; பெரும்பாலும் வழியைத் திறந்துவிட்டுப் போகும். பிறகு அந்த 540 வாட் தகட்டின் ஆம்பியர் முழுவதும் அந்தச் சிறு பாட்டரிக்குள்!

திருகு, மீட்டர், டயோடு எல்லாம் நமக்கு ஒத்துவராது என்போர் உண்டு. அவர்கள் 6 வோல்ட்டுக்கும் ஏற்ற சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம். அது வோல்ட்டை இறக்காது; திறந்து மூடும் வாயிற்காவலனே. ஆகவே 20 வாட்டில் 7 வாட்தான் கிட்டும். ஆயினும் பாட்டரி நிறைந்ததும் அது தடுத்துவிடும். ஒரு மோட்டார் சைக்கிளுக்கு மிச்சம் 13 வாட் போனால் என்ன? வீட்டில் கிழவியும் குழந்தையும் இருக்கும்போது, வோல்ட்டை இறக்குவதைக் காட்டிலும் வேளைக்கு நிறுத்துவதே பெரிது என்பது நம் கருத்து. வாங்கும்போது “6 வோல்ட்” என்று அதன்மேல் அச்சிட்டிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து வாங்குக; 12 வோல்ட்டுக்கு மட்டும் ஆனது 14 வோல்ட் வரை தள்ளிக்கொண்டே இருக்கும்.

இரயில்வேயும் கூரைத் தகடுகளைக் கைக்கொண்டிருக்கிறது. 2017 ஜூலை 14 அன்று தில்லி சப்தர்ஜங் நிலையத்தில், பெட்டிக் கூரைகளில் சூரியத் தகடு பொருத்திய டீசல் தொடர்வண்டி தொடங்கிவைக்கப்பட்டது. பெட்டிகள் நம் பெரம்பூரில் செய்யப்பட்டவை. ஒவ்வொரு பெட்டியின் மேலும் 300 வாட் தகடுகள் 16; விளக்கும் விசிறியும் அவற்றால் நடந்தன; மிகுந்தது பாட்டரியில் சேர்ந்தது. பளபளக்கும் தகட்டைத்தான் எல்லோரும் புகைப்படம் எடுத்தனர். தகட்டுக்கும் பாட்டரிக்கும் நடுவே வேலை செய்யும் பெட்டியைப் படமெடுப்பார் இல்லை.

வாயுவைப் பற்றி உள்ளதை உள்ளவாறே கூறவேண்டும். மிகைப்படுத்தி அச்சுறுத்துவதில் பயனில்லை. 1.1 ஆம்பியர் வீணே பாயும் 6 வோல்ட் பாட்டரியிலிருந்து மணிக்கு ஏறத்தாழ 1.4 லிட்டர் ஹைட்ரஜன் வரும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தால் அது தீப்பற்றும். இந்த அளவால் ஓர் அறை முழுதும் வெடிக்காது. ஆனால் பாட்டரியின் மூடியருகில், மூடிய மரப்பெட்டிக்குள், துணி போர்த்திய மூலையில் அந்த 4 பங்கு எளிதில் சேரும். அந்நேரம் கம்பிக் கிளிப்பைப் பிடுங்கினால் தெறிக்கும் ஒரு பொறி போதும். பாட்டரி வெடித்து அமிலம் முகத்தில் அடிக்கும். ஆகவே முதலில் தகட்டின் பக்கம் கம்பியைக் கழற்றி, சிறிது நேரம் கழித்தே பாட்டரியைத் தொடுக. ஹைட்ரஜன் காற்றினும் இலேசானது, மேலே செல்லும். நம் வீடுகளில் மேலே இருப்பது மச்சு; அங்கே உறங்குவோர் குழந்தைகள். அமிலப் புகையும் அதே வழியே ஏறும். பாட்டரியை வாசற்பக்கம், கம்பிக்கூடு செய்து பூட்டி, காற்றோட்டத்தில் வைப்பதே முறை. களவுக்கும் அதுவே காப்பு. அமிலம் கண்ணில் பட்டால் சயான் மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன், கால் மணி நேரம் விடாது தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும். தண்ணீர் வரும் வேளை பார்த்து மின்னேற்றுவதும் தவறாகாது!

கூரையின் நிலையையும் எண்ணவேண்டும். 36 சில்லுகளும் ஒரே கயிற்றில் கோத்தவை. பக்கத்து மாடியின் நிழல் ஒரு சில்லின்மேல் விழுந்தாலும் மற்றவற்றின் ஓட்டமும் தடைப்படும். துணி உலர்த்தும் கொடி போதும், தகட்டின் வேலையைக் கெடுக்க. தெற்கு நோக்கி 19, 20 பாகை சாய்த்து வைத்தால் இந்நகருக்குச் சரியாகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அந்நாட்களில் தகட்டை நம்பாமல் மாதம் ஒருமுறை வீட்டு மின்சாரத்தில், 6 வோல்ட் சார்ஜர் கொண்டு ஏற்றிக்கொள்ளலாம்.

செத்த பாட்டரியைச் சந்தில் உடைத்து ஈயம் உருக்குவோரிடம் கொடுக்காதீர்கள். அந்தப் புகையும் தூசியும் முதலில் சேருவது குழந்தைகளின் உடலில். கெடுப்பது அவர்கள் மூளையை. பழைய பாட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2001-ஆம் ஆண்டு விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டு விதிகளும் தொழில் செய்வோர்மீது சுமத்தியுள்ளன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம்.

இறுதியாகத் தகடு பொருத்தும் முறை. மறுவளர்ச்சித் திட்டத்தின் பேச்சு நம் தெருக்களில் நாள்தோறும் நடக்கிறது. எவர் வீடு எப்போது மாறும் என்று எவர்க்கும் தெரியாது. ஆதலால் தகட்டைச் சிமெண்டில் பதிக்காமல் இரும்புச் சட்டத்தில் நான்கு போல்ட்டுகளால் நிறுத்துங்கள். ஒரு ஸ்பானர் போதும், எடுத்துக்கொண்டு செல்லலாம். கம்பியைச் சற்று நீளமாகவே வாங்கிச் சுருட்டி வையுங்கள். கன்வர்ட்டரில் வோல்ட்டைத் திருத்த வேண்டுவோர் ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் பாட்டரியை வீட்டில் விட்டுவிட்டுக் கன்வர்ட்டரை மட்டும் சங்க அறைக்குக் கொண்டுவரலாம். மீட்டரும் திருப்புளியும் நம்மிடம் உள்ளன.